விரல்நுனி ஆக்சிமீட்டர்: அவசரப் பிரிவிலிருந்து ஒரு மதிப்புரை

இன்று எந்த மருந்துக்கடையிலும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் விரல்நுனி ஆக்சிமீட்டரை, 2020க்கு முன்பு மருத்துவமனைக்கு வெளியே பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, கேஷுவால்டியில் இருக்கும் பெரிய மானிட்டர் ஆகியவற்றோடு அதன் வேலை முடிந்துவிடும். பகலில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் மாலையில் சொந்தக் கிளினிக்கிலும் நோயாளிகளைப் பார்த்துவரும் நான், பெருந்தொற்றுக் காலம் முழுவதும் இந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறேன். அது எங்கள் அன்றாட வேலையை எப்படி மாற்றியது, எந்த இடத்தில் கைகொடுத்தது, எந்த இடத்தில் காலை வாரியது, இப்போது அதை வீட்டிற்கு வாங்கலாமா என்பதையெல்லாம் ஒருசேரச் சொல்லவே இந்த மதிப்புரை. எந்தக் குறிப்பிட்ட நிறுவனத்தின் கருவியையும் இங்கே உயர்த்தவோ தாழ்த்தவோ போவதில்லை. சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை உள்ளே ஒரே மாதிரியானவைதாம்.

கருவி செய்யும் வேலை எளிமையானது: குருதியில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் பிராணவாயு ஏறியிருக்கிறது என்று காட்டுவது. இந்த எண்ணைத்தான் சாச்சுரேஷன் என்கிறோம். விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் பாய்கின்றன. மறுபக்கம் இருக்கும் உணரி எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று அளக்கிறது. பிராணவாயு ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பு ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும்; பிராணவாயு இறங்கிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். விரலில் தோல், எலும்பு, தசை, சிரைக் குருதி என்று ஒளியைத் தடுக்கும் பொருட்கள் பல இருந்தாலும், ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைவது தமனிக் குருதி மட்டுமே. அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிட்டால் போதும் என்று கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த பொறியாளர் தக்குவோ அயோயாகி. அவர் அந்த முறையை வெளியிட்டது 1974இல். அவர் இறந்தது 2020 ஏப்ரலில், அவருடைய கண்டுபிடிப்பு உலகெங்கும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்த அதே மாதத்தில்.

பெருந்தொற்றுக்கு முந்தைய அவசரப் பிரிவில் நோயாளி உள்ளே வந்ததும் முதலில் நடப்பது ஒரு கை இன்னொரு கையைப் பிடிப்பதுதான். நாடியைப் பிடித்துக்கொண்டே பெயரைக் கேட்போம்; அவர் பதில் சொல்லும் விதத்திலேயே மூச்சின் நிலை தெரிந்துவிடும். ஸ்டாஃப் நர்ஸ் இரத்த அழுத்தம் பார்ப்பதற்குள் நாங்கள் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருப்போம். 2020இல் இந்த வரிசை அப்படியே கலைந்தது. கேஷுவால்டி வாசலுக்கு வெளியே பந்தல் போடப்பட்டு, அதன் கீழே ஒரு மேசை வந்தது. அந்த மேசையில் வெப்பமானி, சானிடைசர், ஆக்சிமீட்டர் ஆகிய மூன்றும் இருந்தன. நோயாளி விரலை நீட்டுவார், நாங்கள் கைநீளத் தொலைவில் நின்று கருவியை மாட்டுவோம், எண் வரும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். முழுக் கவச உடைக்குள் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டுவதே பெரும்பாடு; மாட்டினாலும் உடையின் சரசரப்பைத் தவிர வேறெதுவும் கேட்பது கடினம். ஆகவே அந்தச் சிறு திரையில் வரும் எண்தான் நோயாளி எந்தப் பக்கம் போவது என்பதை முடிவுசெய்தது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் வருபவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் வழக்கம் பெருந்தொற்றுக்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பிரிப்பு காயத்தையும் நினைவு நிலையையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்துச் செய்யப்படுவது. கொரோனாக் காலத்தில் நடைமுறையில் அது ஒரே எண்ணாகச் சுருங்கியது. 94ம் அதற்கு மேலும் என்றால் வீடு அல்லது கண்காணிப்பு மையம். 90 முதல் 93 வரை என்றால் பிராணவாயுப் படுக்கை. 90க்குக் கீழே என்றால் தீவிர நோய். 2021இல் எய்ம்ஸும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த எல்லைகளோடு நிமிடத்திற்கு எத்தனை மூச்சு என்பதும் இருந்தது. 24 மூச்சும் அதற்கு மேலும் என்றால் நடுத்தர நோய், 30ஐத் தாண்டினால் தீவிர நோய். வாசலில் கூட்டம் நெருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ண யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. கருவி ஐந்தாறு நொடிகளில் எண்ணைக் கொடுத்துவிட, எண்ண வேண்டியது விடுபட்டுப்போனது. இது கருவியின் குறை அன்று, எங்கள் குறை. ஆனால் கருவி வந்ததால் நேர்ந்த குறை.

அந்த எல்லை ஏன் 94இல் வைக்கப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால் கருவியின் பயனும் புரியும். சாச்சுரேஷனுக்கும் குருதியில் உள்ள பிராணவாயு அழுத்தத்திற்கும் இடையிலான உறவு நேர்க்கோடு அன்று. மேலே ஓரளவு சமதளமாக இருக்கும் அந்த வளைவு, 90ஐ ஒட்டிச் சட்டென்று கீழே சரியத் தொடங்குகிறது. 98இலிருந்து 94க்கு இறங்க நுரையீரல் நிறையக் கெட வேண்டும். 90இலிருந்து 80க்கு இறங்க அவ்வளவு தேவையில்லை. எனவே 94 என்பது மலைப்பாதையில் கடைசி வளைவுக்கு முன்னால் நிற்கும் எச்சரிக்கைப் பலகை. மூச்சுத்திணறலை உணராமலேயே, கைப்பேசியில் பேசிக்கொண்டே, 70களில் சாச்சுரேஷனோடு வந்தவர்களை 2020இன் தொடக்கத்திலேயே பல நாட்டு அவசரப் பிரிவுகள் பார்த்தன. நோயாளியின் உணர்வும் உடலின் நிலையும் இப்படி விலகி நிற்கும்போது, அந்த விலகலைப் பிடித்துக்கொடுக்க ஆக்சிமீட்டரைத் தவிர எளிய வழி வேறில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, பெருந்தொற்றுக் காலத்தில் போட்ட காசுக்கு மிகுந்த பயன் தந்த கருவி எது என்று கேட்டால் நான் வென்டிலேட்டரைச் சொல்லமாட்டேன்.

நோயாளிகளைத் தரம் பிரிக்கும் வேலை மருத்துவமனை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனதும் இதனால்தான். சென்னை மாநகராட்சியின் காய்ச்சல் முகாம்களிலும் வீடு வீடாகச் சென்ற களப்பணியாளர்களின் பைகளிலும் ஆக்சிமீட்டர் இருந்தது. மருத்துவப் பின்னணி ஏதுமில்லாத இளைஞர்கள்கூட அரை நாள் பயிற்சியில் அதைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள். 2021 மே மாதத்தில் இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்டபோது, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. நோயாளிகள் வண்டிக்குள்ளேயே பிராணவாயு ஏற்றிக்கொண்டு காத்திருந்தனர். நேராகப் பெரிய மருத்துவமனைக்கு வராமல் முதலில் பரிசோதனை மையத்தில் சாச்சுரேஷன் பார்த்துவிட்டு வருமாறு மாநகராட்சி அறிவித்தது அந்த நாட்களில்தான். ஆம்புலன்ஸிலிருந்து வரும் தொலைபேசிப் பேச்சும் மாறியது. முன்பு, “நெஞ்சுவலி, வயசு அறுபது, பி.பி. குறைவா இருக்கு சார்” என்று தொடங்கும். அப்போது, “எண்பத்திரண்டு சார், பெட் இருக்கா?” என்பதோடு முடிந்துவிட்டது.

உள்ளே, பிராணவாயுவைப் பங்கிடும் வேலையில்தான் இந்தக் கருவியின் உண்மையான மதிப்பை நான் பார்த்தேன். சிறிய மருத்துவமனைகளில் குழாய்வழிப் பிராணவாயு எல்லாப் படுக்கைக்கும் கிடையாது, சிலிண்டர்தான். பி வகைச் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும்; நிமிடத்திற்கு 10 லிட்டர் வைத்தால் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டரும் அதே வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்திற்குத் தாங்காது. இந்த நிலையில் ஒரு நோயாளியை 99இல் வைத்திருப்பது அவருக்கு எந்தக் கூடுதல் நன்மையும் செய்யாமல் அடுத்த படுக்கைக்காரரின் மூச்சில் கைவைப்பதாகும். 92 முதல் 96 வரை இருந்தால் போதும், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்று வழிகாட்டுதல் சொன்னது. செவிலியர் ஒருவர் ஆக்சிமீட்டரைக் கவச உடைக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, படுக்கை படுக்கையாகப் போய், எண்ணைப் பார்த்து, வாயு பாயும் அளவைக் காட்டும் ஃபிளோமீட்டரின் உருண்டையை இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் என்று குறைத்துக்கொண்டே வருவார். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துக் கால் மணி நேரம் கழித்து மீண்டும் பார்ப்பார். 89 என்று இருந்தது 93 ஆகியிருந்தால் அன்று இரவு அந்தப் படுக்கையில் வாயுவைக் கூட்ட வேண்டியதில்லை. படுக்கைக்கு ஒரு மானிட்டர் இல்லாத வார்டில் இந்த வேலையை வேறெந்த வழியிலும் செய்திருக்க முடியாது.

இனி வீடுகளுக்குப் போன கருவியைப் பற்றி. கிளினிக்கின் வேலை முறையை இது மாற்றிய அளவுக்கு வேறெதுவும் மாற்றவில்லை என்பேன். 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நடைமுறை விதிகள் வெளியானதும், ஏப்ரலில் ஒன்றிய அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனையான இ-சஞ்சீவனி சேவை வீட்டிலிருப்போருக்கும் திறந்துவிடப்பட்டதும் சட்டரீதியான வழியைத் திறந்தன. ஆனால் நோயாளியைத் தொடாமல் மருத்துவம் பார்க்கும் துணிவை எங்களுக்குக் கொடுத்தது விரல்நுனிக் கருவிதான். காலை, மதியம், இரவு என்று எண்களை நோட்டில் எழுதி, அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஆறு நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டுப் பார்க்கச் சொல்வோம். உட்கார்ந்திருக்கும்போது 96 இருந்தவருக்கு நடந்த பிறகு 91 வந்தால் நுரையீரல் தடுமாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். எண் இன்னும் நன்றாக இருக்கும்போதே ஆளை வரவழைக்க முடிந்தது இந்த நடைச் சோதனையால்தான்.

தொல்லைகளும் அங்கேதான் தொடங்கின. மலிவான கருவிகள் பலவற்றில் திரை தன்னால் திரும்பாது. மாட்டும் பக்கத்தைப் பொறுத்து எண்கள் தலைகீழாகத் தெரியும். கட்டம் கட்டமாக எரியும் எண்களில் 98ஐத் தலைகீழாகப் பார்த்தால் 86. 99 என்றால் 66. 96ஐ எப்படித் திருப்பினாலும் 96தான், அது ஒன்றுதான் நமக்குப் பாதுகாப்பு. நள்ளிரவில் அழைப்பு வரும்: “டாக்டர், அப்பாவுக்கு எண்பத்தாறு காட்டுது. ஆனா நல்லாத்தான் இருக்காங்க, டி.வி. பார்த்துக்கிட்டு இருக்காங்க.” வேறொரு காலமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுத் திருப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் 86இல் நன்றாக உட்கார்ந்து டி.வி. பார்ப்பவர்கள் உண்மையிலேயே இருந்த காலம் அது. ஆகவே, “பக்கத்துல இன்னொரு நம்பர் இருக்கும்மா, நாடித்துடிப்பு, அது என்னன்னு படிங்க” என்று கேட்பது என் வழக்கமானது. அந்த எண்ணில் 7 அல்லது 4 இருந்தால், தலைகீழாகப் பிடித்திருப்பவருக்கு அது எண்ணாகவே தெரியாது; “ஏதோ எழுத்து மாதிரி இருக்குங்க டாக்டர்” என்பார்கள். அங்கேயே விடை கிடைத்துவிடும். அதே வீட்டில் அடுத்த நாள், நாடித்துடிப்பு 78 என்பதைச் சாச்சுரேஷன் என்று படித்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுவதும் நடக்கும். இரண்டு எண்களையும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் காட்டும் வடிவமைப்பை யார் முடிவு செய்தார்களோ, அவர்கள் ஒரு முறையாவது பதற்றத்தில் இருக்கும் குடும்பத்தின் கையில் கருவியைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அளவீடு பிழைபடும் இடங்களும் பல. விரல் சில்லிட்டிருந்தால், இரத்த அழுத்தம் விழுந்திருந்தால் துடிப்பு மெலிந்து எண் அலைபாயும். கருநிற நகப்பூச்சு, கருப்பு மருதாணி, வெயிலில் நின்றுகொண்டு பார்ப்பது, நடுக்கம் எல்லாமே கெடுக்கும். விரலைச் சூடுபறக்கத் தேய்த்து, கையை மேசைமேல் நெஞ்சுயரத்தில் வைத்து, முப்பது நொடியாவது அசையாமல் இருந்து, எண் ஓரிடத்தில் நின்ற பிறகே எழுத வேண்டும். மாட்டிய மாத்திரத்தில் வரும் முதல் எண்ணைப் படிப்பவர்கள்தான் மிகுதி. மேலும் இந்தக் கருவிகள் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குப் பிராணவாயுவைச் சிறிது சிறிதாகக் குறைத்து அளவுதிருத்தப்படுபவை. யாரையும் 70க்குக் கீழே கொண்டுபோக முடியாது என்பதால், அதற்குக் கீழே காட்டும் எண்களெல்லாம் உத்தேசமே. 62க்கும் 67க்கும் வித்தியாசம் தேடுவதில் பொருளில்லை. இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றே.

இதைவிட முக்கியமான ஒரு குறை, நம் ஊரில் போதுமான அளவு பேசப்படவில்லை. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுகிறது; கருநிறத் தோலில் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்புண்டு. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது தமனிக் குருதிப் பரிசோதனையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரிடையே 11.7 விழுக்காடு, வெள்ளையரிடையே 3.6 விழுக்காடு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 பிப்ரவரியில் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கருவிகளைப் பல்வேறு தோல்நிறத்தவரிடம் சோதிக்க வேண்டும் என்ற வரைவு நெறிமுறையை 2025 ஜனவரியில் முன்வைத்தது. அந்த ஆய்வு நம் மக்களிடம் நடந்ததன்று என்பதால் விழுக்காட்டை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் ஒளியின் இயற்பியல் எல்லை தாண்டினால் மாறிவிடுவதில்லை. எனவே கருத்த நிறமுள்ள ஒருவருக்கு 93 அல்லது 94 வந்து, அவர் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால், நான் எண்ணை நம்புவதில்லை, ஆளை நம்புகிறேன். பெருந்தொற்றின்போது படுக்கை ஒதுக்கீடு ஒரே எண்ணில் தொங்கிக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தால், அந்த 94 எல்லோருக்கும் ஒரே 94ஆக இருந்திருக்காது என்ற எண்ணம் வராமலிருப்பதில்லை.

பெருந்தொற்று ஓய்ந்த பிறகும் கருவி அவசரப் பிரிவின் பேச்சுவழக்கில் தங்கிவிட்டது, அதுவும் எப்போதும் நன்மையாக அமைவதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டியபடி வரும் ஐம்பது வயதுக்காரரின் மகன், “வீட்ல பார்த்தோம் சார், தொண்ணூற்றெட்டு இருந்துச்சு, அதான் காலையில வரலாம்னு இருந்துட்டோம்” என்கிறார். மாரடைப்பில் சாச்சுரேஷன் 98 இருப்பதில் வியப்பேதுமில்லை; கருவி இதயத்தின் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பக்கவாதத்துக்கும் அப்படியே. கடுமையான இரத்தசோகையில் ஹீமோகுளோபின் பாதியாக இருந்தாலும், இருக்கும் அந்தப் பாதி முழுமையாக நிரம்பியிருந்தால் கருவி 99 காட்டும். மூடிய அறையில் ஜெனரேட்டர் புகையை, அடுப்புக்கரிப் புகையைச் சுவாசித்தவரிடம் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் பிராணவாயு ஏறியதாகவே அது எண்ணிக்கொள்ளும். எண் அழகாக இருக்கும், ஆள் மயங்கிக் கிடப்பார். இதற்கு மறுபுறமும் உண்டு. சில பூச்சிக்கொல்லிகளைக் குடித்தவர்களுக்கு ஹீமோகுளோபின் வேறு வடிவத்துக்கு மாறி, எவ்வளவு பிராணவாயு கொடுத்தாலும் எண் 85ஐச் சுற்றியே நின்றுவிடும். சாக்லேட் போன்ற பழுப்பு நிறத்தில் இரத்தம் வருவதைப் பார்த்த பிறகுதான் இளம் பயிற்சி மருத்துவர்களுக்குக் கருவியின்மீது சந்தேகம் வருகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பயிற்சி பெற்ற தலைமுறையிடம் எண்ணை முதலில் கேட்கும் பழக்கம் ஆழமாக ஊறிவிட்டது. அவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் கற்ற காலம் அப்படி. ஆனால் இரவுப் பணியில் ஒரு பயிற்சி மருத்துவர் போர்வையை விலக்கி, நோயாளியின் வயிறும் நெஞ்சும் எதிரெதிர்த் திசையில் அசைகின்றனவா என்று பார்க்காமல், “சாச்சுரேஷன் நார்மல் சார்” என்று சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருவதை மறைக்க முடிவதில்லை.

நல்ல பக்கமும் சொல்லியாக வேண்டும். கிளினிக்கில் இப்போது இளைப்பு நோயாளி யாரும் சாச்சுரேஷன் பார்க்காமல் உள்ளே வருவதில்லை. சளியோடு வரும் குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா, பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்ற முடிவு, முன்பைவிட உறுதியான அடிப்படையில் எடுக்கப்படுகிறது. நிமோனியாக் குழந்தைக்கு 90க்குக் கீழே என்றால் மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறையும்கூட. ஆனால் பெரியவர்களின் விரலுக்கான கிளிப் கைக்குழந்தையின் விரலில் நிற்காது. பலர் பிஞ்சு விரலில் அதை மாட்டிவிட்டு 82 வந்ததாக ஓடி வருகிறார்கள். குழந்தைகளுக்குப் பாதத்தில் சுற்றி ஒட்டும் தனி உணரி வேண்டும். அது வீட்டுக்கான பொருள் அன்று.

இப்போது வாங்குவது பற்றி. இரண்டாம் அலையின்போது விலை பல மடங்கு ஏறியதும், சிலநாள் எந்த விலைக்கும் கிடைக்காமல் போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2021 ஜூனில் இதற்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து தற்காலிகமாக 5 ஆகக் குறைக்கப்பட்டது. ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஆக்சிமீட்டர் உட்பட ஐந்து கருவிகளின் விற்பனை இலாபத்துக்கு 70 விழுக்காடு உச்சவரம்பு விதித்தது. விலை இறங்கியது. அந்த அவசரத்தில் சந்தைக்கு வந்த கருவிகளில் சில வெறும் பொம்மைகள். பேனாவை மாட்டினாலும் 97 காட்டியவற்றை நானே பார்த்திருக்கிறேன். கடையில் இந்தச் சோதனையைத் தயங்காமல் செய்துபாருங்கள்: பேனாவையோ சுருட்டிய காகிதத்தையோ மாட்டினால் எண் வரக்கூடாது. விரலில் மாட்டி மேல்கையை இறுக்கிப் பிடித்துத் துடிப்பைக் குறைத்தால் அலை சிறுக்க வேண்டும். எண்ணோடு அலைக்கோடும் காட்டும் கருவியையே வாங்குங்கள். அலை ஒழுங்காக ஏறி இறங்காத வரையில் எண்ணுக்கு மதிப்பில்லை என்பதை அது சொல்லாமல் சொல்லிவிடும். திரை தானாகத் திரும்பும் வசதி நூறு, இருநூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதற்குக் கொடுப்பது தகும். இந்திய மருத்துவக் கருவி விதிகளின்படி உரிம எண்ணும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரியும் பெட்டியில் இருக்க வேண்டும். உத்தரவாதச் சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். கைப்பேசிக் கேமராவில் விரலை வைத்தால் சாச்சுரேஷன் காட்டுவதாகச் சொல்லும் செயலிகளைத் தொடவே வேண்டாம்.

வீட்டில் யாருக்கு இது தேவை? ஆஸ்துமா, புகைப்பழக்கத்தால் வந்த நாள்பட்ட நுரையீரல் நோய், நுரையீரல் தழும்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர் இருந்தால் வாங்குங்கள். அவர் நன்றாக இருக்கும் நாளிலேயே பார்த்து, அவருடைய வழக்கமான எண் என்னவென்று எழுதிவையுங்கள். அந்த அடிப்படை எண் தெரியாமல் நெருக்கடி நேரத்தில் வரும் 91ஐ வைத்து எதையும் சொல்ல முடியாது. முப்பது ஆண்டு பீடி பிடித்தவருக்கு அது அன்றாட எண்ணாகவே இருக்கலாம். அப்படி யாரும் இல்லாத வீட்டில், அதே பணத்தை முதலில் நல்ல இரத்த அழுத்தக் கருவிக்குப் போடச் சொல்வேன். கருவியாக இதற்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கலாம். வீட்டிலிருப்பவர்கள் பயன்படுத்தும் விதத்தையும் சேர்த்தால் மூன்றுதான்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் உள்ளே இருக்கும் ரப்பர் மெத்தையைத் துடைத்து உலரவிட வேண்டும். உணரிக் கண்ணாடியில் பவுடரோ எண்ணெயோ படிந்தால் எண் பிழைபடலாம். முதலில் தளர்வது கீலில் உள்ள ஸ்பிரிங். கிளிப் இறுகப் பிடிக்கவில்லை என்றால் வெளிச்சம் உள்ளே புகும், அப்போது கருவியை மாற்றிவிடுவதே நல்லது. பெருந்தொற்று முடிந்ததென்று அலமாரியில் போட்டுவைத்த கருவிகள் பலவற்றில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும். உங்களுடையதை இன்றே திறந்து பாருங்கள், அன்றாடம் பயன்படுத்தாவிட்டால் இரண்டு சிறு பேட்டரிகளையும் கழற்றி அதே பெட்டியில் தனியாக வையுங்கள்.